இன்னொன்று வாங்கிக்கொள்ளலாம் என்போருக்கு

சென்ற மாசியில் திண்டுக்கல்லில் நடந்த நூல் விமர்சனக் கூட்டம் ஒன்றிலிருந்து எங்களில் இருவர் பாதியில் எழுந்து வெளியேற நேர்ந்தது. மணி ஏழரை. எட்டு மணிக்கு மருந்து கொடுத்தாக வேண்டும். யாருக்கு உடம்பு சரியில்லை என்று கேட்ட மூத்த நண்பரிடம், முயலுக்கு என்று உள்ளதைச் சொல்லிவிட்டோம். "இருநூத்தம்பது ரூபா முயலுக்கா இந்தப் பாடு? இன்னொண்ணு வாங்கிக்கிட்டாப் போச்சு தம்பி" என்றார். சுற்றியிருந்தவர்கள் சிரித்தார்கள். ஊர்ப் பெருமைக்கு ஏற்றபடி பிரியாணியைப் பற்றியும் ஒருவர் ஏதோ சொன்னார். அன்று பேசப்பட்ட நாவலில் ஒரு கிழட்டு மாடு சாகும் அத்தியாயத்தைப் பற்றி அதே மூத்த நண்பர் அரைமணி நேரம் தழுதழுத்த குரலில் உரையாற்றியிருந்தார் என்பதையும் இங்கே பதிவு செய்துவிடுகிறோம்.

அவர் மீது எங்களுக்குத் தனிப்பட்ட கோபம் எதுவும் இல்லை. நல்ல வாசகர், பண்பாளர். ஆனால் அந்த ஒரு வாக்கியத்தை இருபத்தெட்டு நாட்களில் குறைந்தது இருபது பேரிடமிருந்து கேட்டுவிட்டோம். விற்றவர் சொன்னார், உறவினர் சொன்னார், பக்கத்து வீட்டுக்காரர் சொன்னார். இலக்கியம் படித்தவரும் படிக்காதவரும் இவ்வளவு ஒருமனதாக உடன்படுகிற விஷயங்கள் நம் சமூகத்தில் அரிது. அத்தகைய ஒருமனதான கருத்தைச் சந்தேகிக்க வேண்டும் என்றுதான் இலக்கியம் எங்களுக்குக் கற்றுத்தந்திருக்கிறது. எனவே இந்த எதிர்வினை.

*

முதலில் நடந்ததைச் சொல்லிவிடுகிறோம். எங்களில் ஒருவர் வீட்டில் இரண்டாண்டுகளாக ஒரு முயல் வளர்கிறது. வெள்ளை உடல், மூக்கில் கரும்புள்ளி. அதனால் மிளகு என்று பெயர். ஒருநாள் காலை அதன் கழுத்து இடப்பக்கமாகத் திருகிக்கொண்டிருந்தது. ஒரு கண் தரையைப் பார்த்தது, மற்றது கூரையைப் பார்த்தது. கண்மணிகள் பக்கவாட்டில் விடாமல் துடித்தன. எழ முயன்றபோதெல்லாம் இடப்பக்கமாக உருண்டது. உருண்டு கூண்டின் கம்பியில் மோதி நின்றது, மீண்டும் உருண்டது. அந்த வீட்டின் ஏழாம் வகுப்புச் சிறுமி அதைத் துண்டில் சுற்றி மடியில் வைத்துக்கொண்டு பள்ளிக்குப் போக மறுத்துவிட்டாள்.

அன்று மாலைக்குள் கிடைத்த ஆலோசனைகள் இவை. கண்ணேறு கழிக்கலாம். கழுத்தில் நல்லெண்ணெய் தடவி நீவலாம். சிறுமலை அடிவாரத்தில் விட்டுவிட்டால் இயற்கை பார்த்துக்கொள்ளும். விற்ற கடைக்காரர் தாராள மனத்துடன், "அது போச்சு சார். வேற ஒண்ணு எடுத்துக்குங்க, பாதி விலைக்குத் தர்றேன்" என்றார். மருந்துக்கடை ஒன்றில், குழந்தைகளுக்குக் கொடுக்கும் அமாக்சிசிலின் பாட்டிலை எடுத்து நீட்டினார்கள். அதை வாங்கிக்கொண்டு வீடு வரை வந்துவிட்டோம் என்பதை வெட்கத்துடன் ஒப்புக்கொள்கிறோம். பென்சிலின் வகை மருந்துகளை வாய்வழியாகக் கொடுத்தால் முயலின் குடலில் வாழும் நல்ல நுண்ணுயிர்கள் அழிந்து, நச்சு உருவாக்கும் பாக்டீரியாக்கள் பெருகி, நோய்க்கு முன்னால் மருந்தே அதைக் கொன்றுவிடக்கூடும். கொடுக்கும் முன் ஒருவர் தொலைபேசியில் தடுத்ததால் மிளகு பிழைத்தது.

தடுத்தவர் ஒரு கால்நடை மருத்துவர். மறுநாள் அவரிடம் கொண்டுபோனோம். சோதித்துப் பார்த்துவிட்டு அவர் சொன்னதை அப்படியே தருகிறோம். "நான் ஆடு, மாடு, நாய் பார்த்த ஆளு. முயல் அதிகம் பார்த்ததில்ல. ராத்திரி படிச்சுட்டுக் காலையில சொல்றேன். அதுவரைக்கும் எப்படியாவது சாப்பிட வைங்க. வியாதி கொல்றதுக்கு முன்னாடி பட்டினி கொன்னுடும்." தனக்குத் தெரியாததைத் தெரியாது என்று சொல்லி, இரவில் புத்தகம் புரட்டிய அந்த மனிதரின் நேர்மைக்கு முன்னால், தெரியாமலே தீர்ப்புச் சொன்ன இருபது பேரையும் நிறுத்திப் பார்க்கிறோம்.

*

நோயைப் பற்றிக் கொஞ்சம் விரிவாகவே சொல்ல வேண்டும். தமிழில் இதை எழுதியவர் எவரும் எங்கள் கண்ணில் படவில்லை என்பதும் எங்கள் புகார்களில் ஒன்று.

இதற்குக் காரணம் என்செஃபாலிட்டோசூன் குனிகுலி என்னும் நுண்ணிய ஒட்டுண்ணி. 1922இல் ரைட், கிரெய்க்ஹெட் என்னும் இரு ஆய்வாளர்கள் கால்கள் செயலிழந்த இளம் முயல்களில் இதை முதன்முதலாகக் கண்டு எழுதினார்கள். அடுத்த ஆண்டே லெவடிட்டியும் உடனுழைத்தவர்களும் இன்றைய பெயரைச் சூட்டினார்கள். நெடுங்காலம் ஓரணு உயிரியாகக் கருதப்பட்ட இதை இன்று பூஞ்சைக் குலத்தோடோ அதன் நெருங்கிய உறவாகவோ வைக்கிறார்கள். நோயுற்ற முயலின் சிறுநீரில் இதன் வித்துக்கள் வெளியேறுகின்றன. அது பட்ட தீனியைத் தின்னும் முயலுக்குத் தொற்றுகிறது. தாயின் கருப்பையிலேயே குட்டிக்குத் தொற்றுவதும் உண்டு. உள்ளே போனபின் சிறுநீரகம், மூளை, கண் ஆகிய இடங்களில் குடியேறுகிறது. பல முயல்கள் ஆயுள் முழுதும் எந்த அறிகுறியும் இன்றி இதைச் சுமந்து திரிகின்றன. சிலவற்றில் மட்டும் ஏதோ ஒருநாள் கழுத்து திருகுகிறது, பின்னங்கால் இழுத்துக்கொள்கிறது, கண்ணில் வெண்படலம் படர்கிறது.

சிக்கல் என்னவென்றால், உள்காதில் சீழ்ப்பிடித்தாலும் கழுத்து இப்படியே திருகும். இரத்தத்தில் எதிர்ப்பொருள் இருக்கிறதா என்ற சோதனை, முயல் எப்போதோ இந்த ஒட்டுண்ணியைச் சந்தித்தது என்று சொல்லுமே ஒழிய, இன்றைய உபாதைக்கு அதுதான் காரணம் என்று உறுதி கூறாது. எனவே மருத்துவர் காதைப் பார்க்க வேண்டும், கண்ணைப் பார்க்க வேண்டும், யோசிக்க வேண்டும். கடைக்காரர் பார்த்துச் சொல்கிற நோய் அல்ல இது.

மருந்தோ வெகு சாதாரணமானது. ஆடு மாடுகளுக்குக் குடற்புழு நீக்கக் கொடுக்கிற ஃபென்பெண்டசோல். 2001இல் சூரிச் ஆய்வாளர்கள் வெளியிட்ட ஆய்வு, ஒரு கிலோ எடைக்கு 20 மில்லிகிராம் வீதம் நான்கு வாரம் கொடுத்துப் பயன் கண்டதைச் சொன்னது. அன்று முதல் அந்த இருபத்தெட்டு நாள் கணக்கே உலகெங்கும் வழக்கமாகிவிட்டது. அளவு மீறினால் எலும்பு மஜ்ஜையைப் பாதிக்கக்கூடிய மருந்து என்பதால் எடை பார்த்து, மருத்துவர் சொன்ன அளவில்தான் கொடுக்க வேண்டும். இருபத்தெட்டு நாளுக்கும் சேர்த்து எங்களுக்கு ஆன மருந்துச் செலவு, அன்றைய கூட்டத்தில் வெளியே மேசையில் விற்கப்பட்ட நாவலின் விலையை எட்டவில்லை. ஆகவே இதில் பணம் ஒரு பிரச்சினையாக இருந்தது என்று யாரும் எங்களிடம் சொல்ல வேண்டாம்.

பிரச்சினையாக இருந்தது நேரம். முயலால் வாந்தி எடுக்க முடியாது. அதன் குடல் எந்நேரமும் இயங்கிக்கொண்டே இருக்க வேண்டும். அரைநாள் தின்னாமல் இருந்தாலே ஆபத்து தொடங்கிவிடும். தலை சுற்றும் முயல் தானாகத் தின்னாது. எனவே அறுகம்புல்லையும் கீரையையும் கொத்தமல்லித் தழையையும் அரைத்து, ஊசியில்லாச் சிரிஞ்சில் எடுத்து, கடைவாய் வழியாகக் கொஞ்சம் கொஞ்சமாகப் புகட்ட வேண்டும். நான்கு மணிக்கொருமுறை, இரவிலும். உருண்டு அடிபடாமல் இருக்கப் பழைய துண்டுகளைச் சுருட்டி நாற்புறமும் அணை கட்ட வேண்டும். தரையைப் பார்த்திருக்கும் கண்ணில் தூசி படும், அதைத் துடைக்க வேண்டும். சிறுநீரில் நனைந்த துணியை உடனே மாற்றி, தரையை வெந்நீராலும் நீர்த்த பிளீச்சிங் கரைசலாலும் கழுவ வேண்டும். எதிர்ப்பாற்றல் குறைந்த மனிதர்களுக்கும் அரிதாகத் தொற்றக்கூடியது என்பதால் கையையும் கழுவிக்கொண்டே இருக்க வேண்டும். இதற்கிடையில் பங்குனி வந்துவிட்டது. மலைகள் சூழ்ந்திருந்தாலும் திண்டுக்கல் சமவெளியின் வெயிலில் மலைக்காற்றின் சுவடே இருக்காது. வியர்க்கத் தெரியாத, காது மடல் வழியாகவே பெரும்பாலும் சூட்டை வெளியேற்றுகிற பிராணிக்கு ஈரச்சாக்கும் உறைந்த தண்ணீர் பாட்டிலும் வைத்துக் காவலிருந்தோம். நான்கு பேர் முறை வைத்துக்கொண்டோம். ஒன்பதாம் நாள் மிளகு சிரிஞ்சையும் மறுத்தது. இனி முடியாதென்றால் வலியில்லாமல் முடித்துவைக்கவும் தயாராக இருக்க வேண்டும் என்றார் மருத்துவர். அதுவும் பராமரிப்பில் சேர்ந்ததே என்று அவர் சொன்னது எங்களுக்குப் புரிந்தது. பத்தாம் நாள் காலை ஒரு கொத்தமல்லித் தண்டைத் தானே கடித்தது.

*

இனி வாதங்களுக்கு வருவோம்.

முதல் வாதம் விலை. இருநூற்றைம்பது ரூபாய்க்கு வாங்கிய உயிருக்கு இருநூற்றைம்பது ரூபாய்க்கு மேல் செய்யக் கூடாது என்பது. விலை என்பது விற்றவருக்கு நாம் கொடுத்தது. அந்தப் பிராணிக்கு நாம் இன்னும் எதையும் கொடுக்கவில்லை. அதைக் கூண்டில் அடைத்து, தானே புல் தேடவும் நிழல் தேடவும் வழியில்லாமல் ஆக்கிய கணத்தில்தான் நம் கடன் ஆரம்பிக்கிறது. இது எங்கள் உணர்ச்சிவசம் அல்ல, இந்த நாட்டின் சட்டம். 1960ஆம் ஆண்டின் பிராணிகள் வதைத் தடுப்புச் சட்டம், பிராணியைத் தன் பொறுப்பில் வைத்திருப்பவர் அதன் நலத்துக்கு இயன்ற நடவடிக்கை எல்லாம் எடுக்க வேண்டும் என்கிறது. தக்க காரணமின்றிக் கைவிடுவதைக் குற்றம் என்கிறது. அது விலைப்பட்டியல் எதையும் இணைத்து வைக்கவில்லை. அச்சட்டத்துக்கு மூலகாரணமான தனிநபர் மசோதாவை மாநிலங்களவையில் கொண்டுவந்தவர் மதுரையில் பிறந்த ருக்மிணி தேவி அருண்டேல். 1962இல் அமைந்த பிராணிகள் நல வாரியத்தின் முதல் தலைவரும் அவரே. கலாக்ஷேத்திராவுக்காக அவரைக் கொண்டாடவும் விமர்சிக்கவும் நூறு கட்டுரைகள் எழுதிய நாம் இதை எத்தனை முறை எழுதியிருக்கிறோம்?

இரண்டாம் வாதம் சிறுமலை. இயற்கையில் விட்டுவிடுங்கள் என்பது. நம் காட்டில் திரிவது கரும்பிடரி முயல். திறந்த வெளியில் கண் திறந்தே பிறந்து, ஓடிப் பிழைக்கத் தெரிந்தது. அது 1972ஆம் ஆண்டின் வன உயிரினச் சட்டத்தின் பாதுகாப்பில் இருக்கிறது. அதையே வேட்டைத் திருவிழா என்ற பெயரில் நம் பக்கத்துக் கிராமங்களில் துரத்திக் கொன்றுகொண்டிருந்தோம் என்பது வேறு கதை. கடைக்கூண்டில் விற்பது ஐரோப்பியக் குழிமுயலின் வளர்ப்பு வகை. பேரினமே வேறு. தலை சுற்றிக்கொண்டிருக்கும் அதைக் காட்டில் விடுவது நாய்க்கும் நரிக்கும் இரை போடுவதுதான். கொல்வதற்குத் துணிவில்லாதவர்கள் கொலைக்கு இயற்கை என்று பெயர் சூட்டிக்கொள்கிறார்கள்.

மூன்றாம் வாதம்தான் கனமானது. மனிதர்கள் மருந்தின்றிச் சாகும் நாட்டில் முயலுக்கு வைத்தியமா? ஒரு குழந்தையின் காய்ச்சலுக்கும் ஒரு முயலின் நோய்க்கும் இடையே தேர்ந்தெடுக்க வேண்டி வந்தால் குழந்தையைத்தான் தேர்ந்தெடுப்போம். இதில் எங்களுக்குத் தயக்கமே இல்லை. ஆனால் அப்படியொரு தேர்வு அன்று எங்கள் முன் இருக்கவில்லை. மிளகுக்குக் கொடுத்த மருந்து எந்தக் குழந்தையின் வாயிலிருந்தும் பிடுங்கப்பட்டதல்ல. இந்த வாதத்தை வைத்தவர்களில் ஒருவராவது அன்று மாலை அரசு மருத்துவமனைக்குப் போய் ஒரு நோயாளிக்குக் கஞ்சி வாங்கிக் கொடுத்திருந்தால் தலைவணங்கியிருப்போம். ஏழைகளின் பெயர் அங்கே உச்சரிக்கப்பட்டது ஏழைகளுக்காக அல்ல. மேலும், முயல் பணக்காரர் வீட்டுப் பொம்மை மட்டும் அன்று. இம்மாவட்டத்திலும் பிற இடங்களிலும் இறைச்சிக்காக முயல் வளர்த்துப் பிழைக்கும் சிறு குடும்பங்கள் உண்டு. ஈரத்தரையில் பரவும் இரத்தக்கழிச்சல் நோய் அவர்களுடைய குட்டிகளைக் கூண்டோடு கொண்டுபோகிறது. முயல் நோயைப் பற்றிய அறிவு அவர்களுக்கும் சோறு.

நான்காவது வாதத்தை யாரும் வாய்விட்டுச் சொல்லவில்லை, ஆனால் அன்றைய சிரிப்பில் அது இருந்தது. முயல் அற்பம் என்பது. வள்ளுவர் படைச்செருக்கைச் சொல்ல யானைக்கு எதிரே எளிய இலக்காக நிறுத்தியது முயலை. வீண்பிடிவாதத்தைச் சொல்லப் பழமொழி பிடித்து மூன்று காலாக்கியதும் முயலை. நிலவின் களங்கத்துக்கு முயல் வேண்டும். ஆடவல்லானின் காலடியில் கிடப்பவன் முயலகன். சித்த மருத்துவம் மனிதருக்கு வரும் வலிப்பில் ஒரு வகையை முயல்வலி என்றது. கொல்லி மழவன் மகளுக்கு வந்த முயலகன் என்னும் நோயைத் திருப்பாச்சிலாச்சிராமத்தில் சம்பந்தர் தீர்த்ததைச் சேக்கிழார் பாடினார். நம் நோய்க்கு முயலின் பெயரைக் கடன் வாங்கிய மொழியில், முயலுக்கே வரும் வலிப்புக்குப் பெயரில்லை. அந்த நோயை விளக்க மேலே பத்து வரி எழுதுவதற்குள் எத்தனை சொற்களுக்கு அலைந்தோம் என்பது எங்களுக்குத்தான் தெரியும். உவமையாக வந்தால் வரவேற்போம், உருண்டுகொண்டு வந்தால் சிரிப்போம் என்பது இலக்கிய ரசனை ஆகாது.

இத்தனைக்கும் அறிவியல் இந்த அற்பப் பிராணிக்குப் பட்ட கடன் பெரிது. 1674இல் லேவன்ஹூக் தன் சிறு ஆடியின் அடியில் ஒரு முயலின் பித்தநீரைப் பார்த்தபோது முட்டை வடிவத் துகள்களைக் கண்டார். முயலின் ஈரலைத் தாக்கும் ஐமேரியா ஒட்டுண்ணி அது என்று பின்னால் தெரிந்தது. மனிதக் கண் முதன்முதலாகப் பார்த்த ஓரணு ஒட்டுண்ணி அதுவே என்பார்கள்.

*

எங்கள் குற்றத்தையும் மறைக்க விரும்பவில்லை. மிளகை வாங்கியபோது நாங்கள் ஒரு கேள்வியும் கேட்கவில்லை. எத்தனை நாள் குட்டி, தாய்ப்பால் மறந்துவிட்டதா, எந்தப் பண்ணையிலிருந்து வந்தது, எதையும் கேட்கவில்லை. சித்திரக்கதைகளை நம்பி கேரட்டும், குழந்தைகளின் ஆசைக்கு பிஸ்கட்டும் கொடுத்தோம். முயலுக்கு முதன்மை உணவு புல்லும் உலர்புல்லும்தான் என்பதையும், ஓயாமல் வளரும் அதன் பற்கள் தேய்வதற்கும் அதுவே வழி என்பதையும் நோய் வந்தபின்தான் படித்தோம். அறியாமையோடு வாங்கினோம். "இன்னொன்று வாங்கிக்கொள்ளலாம்" என்பது அதே அறியாமையை இன்னொரு முறை வாங்கச் சொல்வது. நோயுற்ற முயலின் கூண்டில், வித்துக்கள் காய்ந்த அதே பலகையில், அடுத்த குட்டியைக் கொண்டுவந்து விடச் சொல்வது.

ஆகவே நாங்கள் கேட்பது அனுதாபம் அன்று. அது கூட்டங்களில் ஏராளமாகக் கிடைக்கிறது. 2018ஆம் ஆண்டு விதிகளின்படி செல்லப்பிராணிக் கடைகள் மாநிலப் பிராணிகள் நல வாரியத்தில் பதிவு செய்துகொள்ள வேண்டும். கூண்டை நீட்டும் கடைக்காரரிடம் பதிவைக் கேளுங்கள். இதே திண்டுக்கல் மாவட்டத்தில், கொடைக்கானலுக்கு அப்பால் மன்னவனூரில், மத்திய செம்மறியாடு மற்றும் கம்பள ஆராய்ச்சி நிறுவனத்தின் தென்மண்டல ஆய்வு மையம் 1965 முதல் இருக்கிறது. செம்மறியோடு முயல்களையும் வளர்த்து ஆராய்கிற இடம். பண்ணையின் கணக்கு வேறு, வீட்டின் கணக்கு வேறு என்பது எங்களுக்குத் தெரியும். பண்ணையில் நோயுற்றதைக் கழித்துவிடுவது முறை, வீட்டில் இருப்பதோ ஒன்றே ஒன்று. ஆயினும் முயலின் தீனி, குடல், ஒட்டுண்ணி பற்றிய அறிவு நம் மலை மேலேயே இருக்கிறது. அது சமவெளிக்கு எளிய தமிழில் இறங்கி வர வேண்டும். கொண்டுவருவதில் மொழியறிந்தவர்களுக்கு வேலை இருக்கிறது. ஒரு மொழிபெயர்ப்புக் கவிதைக்கு நாம் செலவிடும் உழைப்பில் பாதி போதும்.

இருபத்தெட்டாம் நாள் மருந்தை நிறுத்தினோம். மிளகின் தலை முழுவதும் நேராகவில்லை. ஆகாது என்றும் மருத்துவர் சொல்லிவிட்டார். ஆனால் உருள்வதில்லை. தின்கிறது, ஒரு சுற்றுச் சுற்றி வந்து தின்கிறது. அந்த மூத்த நண்பரை ஒருநாள் வீட்டுக்கு அழைத்திருக்கிறோம். வந்தால் அவர் கையாலேயே அறுகம்புல் வைக்கலாம். இடப்பக்கமாக வைக்க வேண்டும். வலப்பக்கம் வைத்தால் அது கண்டுபிடித்து வரக் கொஞ்சம் நேரமாகும்.